ஓடு வேய்ந்தது – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் ஹோர்யூஜி ஆலயத் தூண்கள் நடுவில் சற்றே பருத்திருப்பதற்குக் கிரேக்கக் கட்டடக்கலையே காரணம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பழைய ஜப்பானியக் கலையில் சொந்தச் சரக்கு எதுவுமில்லை, எல்லாம் இரவல்தான் என்று அது முடிந்தது. இதை ஏற்கலாமா?

எஸ். ஆர்., கும்பகோணம்

அன்புள்ள எஸ். ஆர்.,

கிரேக்கத் தொடர்பு என்பது 1893இல் இட்டோ சூட்டா என்ற ஜப்பானியக் கட்டடக்கலை அறிஞர் முன்வைத்த ஊகம். அழகான ஊகம்தான், ஆனால் அந்த வடிவம் ஏதென்ஸிலிருந்து ஹோர்யூஜி இருக்கும் நாராவரை வந்து சேர்ந்த வழியை எவரும் நிறுவிக் காட்டவில்லை. அவ்வளவு தொலைவு போகவும் தேவையில்லை, கடலுக்கு அக்கரையிலேயே கொரியா இருக்கிறது.

588இல் கொரியத் தீபகற்பத்தின் பெக்ஜே அரசு, பௌத்தத் துறவிகளுடன் ஆலயத் தச்சர்களையும் ஓவியர் ஒருவரையும் ஓடு செய்வதில் வல்லவர்கள் நால்வரையும் அனுப்பியதாக ஜப்பானின் பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷோகி பதிவு செய்கிறது. அவர்களைக் கொண்டு எழுந்ததே அசுகாதெரா ஆலயம். அதுவரை ஜப்பானியர் மரக்கால்களை மண்ணில் புதைத்து, மேலே புல் வேய்ந்தார்கள். சுட்ட ஓட்டின் பாரத்தை அத்தகைய கால்கள் தாங்கா. எனவே ஓட்டைத் தொடர்ந்து அடிக்கல்லும், கல்லின்மேல் நிற்கும் பெருந்தூணும், கூரைப் பாரத்தைத் தூணுக்கு இறக்கும் போதிகை அடுக்குகளும் வந்தாக வேண்டியிருந்தது. ஆலயத்தை ஒட்டிய மலைச்சரிவில் அந்த ஓட்டு வல்லுநர்களின் சூளைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அக்கால ஓடு ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், உட்புறத்தில் துணியின் இழைகள் வரிவரியாகப் பதிந்திருக்கும். மர அச்சில் களிமண் ஒட்டாதிருக்கச் சுற்றிய துணி அது.

இரவல் என்றால், வாங்கியவர் யார்? ஹோர்யூஜியில் உள்ள 623ஆம் ஆண்டின் வெண்கலப் புத்தரை வார்த்த தோரி, கடல் கடந்து வந்து குடியேறிய ஒருவரின் பேரன். 815இல் தொகுக்கப்பட்ட குலப் பதிவேட்டில் இடம்பெற்ற 1182 குலங்களில் 326 குலங்கள் கொரியா, சீனா வழி வந்தவை. மூன்றாம் தலைமுறைக் கைவினைஞரை அயலார் என்பதா, உள்ளூரார் என்பதா? கட்டுரையாளர் இக்கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பழைய முறையும் அழிந்துவிடவில்லை. ஜப்பானின் சொந்தச் சமயமான ஷிண்டோவின் இசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை, புதைத்த கால்களும் புற்கூரையுமாகவே இன்றும் புதிதாகக் கட்டுகிறார்கள். அங்கே வழிபாட்டுப் பணியிலிருந்த அரசகுமாரியின் மாளிகையில் பௌத்தச் சொற்களை உச்சரிக்கத் தடை இருந்தது. எனவே மழித்த தலையுடைய துறவியை அங்கே ‘நீள்முடியர்’ என்றார்கள்; பௌத்த ஆலயத்தை ‘ஓடு வேய்ந்தது’ என்றார்கள்.