சிங்கப்பூரிலிருந்து மதுரை போகும் வழியில், சென்னையில் இரண்டு விமானங்களுக்கு நடுவே கிடைக்கும் 8 மணி நேர இடைவெளியில் திருவொற்றியூரில் பெரியம்மா வீட்டுக்குப் போய்வர முடியுமா? மேப் 2 மணி நேரம் காட்டுகிறதே?

தாராளமாகப் போய்வரலாம். ஆனால் டாக்ஸி வேண்டாம், மெட்ரோவில் போங்கள். விமான நிலையத்தில் நீல வழித்தட ரயில் ஏறினால், எங்கும் மாறாமல் திருவொற்றியூர் தேரடியில் இறங்கிவிடலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

மேப் 2 மணி நேரம் காட்டியது சாலைக் கணக்காக இருக்கும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் எங்கள் திருவொற்றியூர் பக்கம் பைக் கூட நகராது.

கிளம்புமுன் ஒன்றைப் பாருங்கள்: சிங்கப்பூரில் பெட்டிக்கு மதுரை வரை சீட்டு ஒட்டினாலும், வழக்கமாகச் சென்னையில் அதை எடுத்துச் சுங்கம் கடந்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். உடனே வாங்கிக்கொள்வார்களா என்று கவுன்ட்டரில் கேளுங்கள். பெரிய பெட்டியோடு தேரடிக் கூட்டத்தில் நடப்பது பெரும்பாடு.

காலை 7 மணிக்கு இறங்கினால் 10 மணிக்குள் பெரியம்மா வீடு. அங்குள்ள கோயிலில் வடிவுடையம்மனை முதலில் பார்த்துவிடுங்கள், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அப்புறம் சாப்பாடு. பெரியம்மா எவ்வளவு சொன்னாலும் 12 மணிக்குத் தேரடியில் ரயில் ஏறிவிடுங்கள். 3 மணி விமானத்துக்கு அதுதான் சரி.

இரண்டு விமானங்களுக்கும் தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமானால் திருவொற்றியூர் போகாதீர்கள். அடுத்ததைத் தவறவிட்டால் நஷ்டம் உங்களுடையது.