வினைச்சொல்லுக்கு அடியில் ஒரு கோடு

வாசகர் கேள்விகளுக்கு ஓர் அருள்சகோதரியின் பதில்கள்

கேள்வி: சிஸ்டர், காலையில் எழுந்ததும் அன்றைய நற்செய்திச் சிந்தனை நான்கு வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து என் போனுக்கு வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் படித்து, பிடித்ததை மற்றவர்களுக்கும் அனுப்புகிறேன். ஆனால் பத்து மணிக்கு யாராவது "இன்னைக்கு என்ன நற்செய்தி?" என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.
– வாசகி, ஒட்டன்சத்திரம்

வெட்கப்பட வேண்டாம் அம்மா. நீங்கள் சிந்தனைகளைப் படிக்கிறீர்கள். நற்செய்தியைப் படிக்க நேரமில்லாமல் போகிறது. அவ்வளவுதான். நாளைக்குக் காலையில் அந்த நான்கையும் திறக்காமல் வையுங்கள். பைபிளை எடுத்து, அன்றைய பூசைக்குக் குறித்த நற்செய்திப் பகுதியை வாய்விட்டு ஒரு முறை வாசியுங்கள். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வசனம்தான் இருக்கும். பால் பொங்குவதற்குள் வாசித்துவிடலாம்.

அப்புறம் ஒரு பென்சில் வேண்டும். நான் 34 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தியவள். எந்தப் பாடத்தை எடுத்தாலும், முதலில் வினைச்சொற்களுக்கு அடியில் கோடு போடச் சொல்வேன். யார் என்ன செய்தார் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பாடம் புரிந்த மாதிரி. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கோயிலில் உட்கார்ந்திருந்தபோது கை பழக்கத்தில் நற்செய்தியிலும் கோடு போட்டது. அன்றிலிருந்து என் தியானம் அதுதான்.

ஒரு வசனத்தை எடுத்துக்கொள்வோம். பொதுக்காலத்தின் (கிறிஸ்துமஸ், தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் போக மீதி நாட்கள்) முதல் வாரம் புதன்கிழமை, சனவரியில் வரும் வாசகம் இது. இயேசுவின் சீடர் சீமோனின் மாமியார் காய்ச்சலாகப் படுத்திருக்கிறார். "இயேசு அவரருகில் சென்று கையைப் பிடித்து அவரைத் தூக்கினார்" (மாற்கு 1:31). 'சென்று', 'பிடித்து' இரண்டும் வினையெச்சம். 'தூக்கினார்' என்பது முற்று. பள்ளிக்கூட இலக்கணம்தான். ஆனால் அந்த இரண்டு எச்சங்களைத் தாண்டாமல் முற்றுக்குப் போக முடியாது என்பது எனக்கு உறைக்க அறுபது வயதுக்கு மேல் ஆயிற்று. அதுவரை நான் நேராகத் தூக்கிவிடப் பார்த்தேன். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு மேசையில் உட்கார்ந்தபடியே புத்தி சொன்னேன். அருகில் போனதில்லை.

அந்தப் புதன்கிழமை எங்கள் மடத்தில் ஒரு மூத்த சகோதரி காய்ச்சலில் கிடந்தார். வாசலில் நின்று, "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவது என் வழக்கம். அன்று 'சென்று' என்ற சொல் என்னை விடவில்லை. உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். எலும்பும் நரம்புமாக, கொதிக்கிற கை. "உன் கை ஜில்லுன்னு இருக்கு, எடுக்காதே" என்றார். இருபது நிமிடம் எடுக்கவில்லை. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

அதனால் ஒரு சொல் போதும் அம்மா. ஒரு வினைச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி அரிசி டப்பா மூடியில் ஒட்டிவையுங்கள். உலை வைக்கும்போது கண்ணில் படும். அன்று அதைச் செய்ய ஒரு சந்தர்ப்பம் வருகிறதா என்று பாருங்கள். வந்து, செய்தால் பைபிளில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் தேதியைக் குறியுங்கள். வாரநாள் நற்செய்திகள் ஆண்டுதோறும் அதே வரிசையில்தான் வரும். எந்த நாளில் எதை வாசிப்பது என்று குறிக்கும், 1969இல் வந்த புதிய வாசக ஒழுங்கின்படி பொதுக்காலத்தில் முதல் ஒன்பது வாரம் மாற்கு, பிறகு 21ஆம் வாரம்வரை மத்தேயு, அதன்பின் 34ஆம் வாரம்வரை லூக்கா. ஆகவே அதே 'சென்று' அடுத்த சனவரியிலும் உங்களைத் தேடி வரும். என் பைபிளில் அதன் பக்கத்தில் இப்போது மூன்று தேதிகள் இருக்கின்றன.

நான்கு குழுக்களின் சிந்தனைகளையும் சாயங்காலம் படியுங்கள். உங்கள் சொல்லோடு ஒரு பகல் போன பிறகு அவர்கள் சொல்வது இன்னும் நன்றாகப் புரியும்.

கேள்வி: நான் கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்தவள். கணவர் வீடு சி.எஸ்.ஐ. என்ற சீர்திருத்தத் திருச்சபை. மாமனார் ஒரு பழைய வேதாகமம் தந்திருக்கிறார். அதை வாசிப்பதா, நான் கொண்டுவந்த திருவிவிலியத்தை வாசிப்பதா?
– வாசகி, நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்

இரண்டையும் வாசியுங்கள் மகளே. தரங்கம்பாடியில் 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் மறைப்பணியாளர் சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அது 1714இல் அச்சாகத் தொடங்கி 1715இல் நிறைவு பெற்றது. அந்த வழியில் வந்து, பலர் கைபட்டுத் திருந்தியதுதான் உங்கள் மாமனாரின் வேதாகமம். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு. உங்கள் வீட்டில் நடந்திருப்பதும் அதுதானே!

இரவு செபத்தில் மாமனாரைப் பழையதில் ஒரு பகுதி வாசிக்கச் சொல்லுங்கள். அதையே நீங்கள் புதியதில் வாசியுங்கள். இரண்டிலும் வினைச்சொல் மாறும் இடத்தில் நிறுத்திப் பேசுங்கள். ஒன்றில் மறைந்திருப்பது மற்றதில் தெரியும். இந்த மாதக் கடைசிக் கேள்வியில் எனக்கே அப்படி ஒரு சொல் உதவியது.

கேள்வி: அப்பா இறந்தபின் வீட்டு மனையைப் பங்கு வைத்ததில் அண்ணனுக்கும் எனக்கும் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. தப்பு அவர் மேல்தான். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறேன். ஆனால் சமாதானம் சொல்லும் நேரத்தில் மட்டும் நெஞ்சு குறுகுறுக்கிறது. தப்பே செய்யாத நான் ஏன் முதலில் போகணும்?
– வாசகர், பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்

தம்பி, மத்தேயு 5:23, 24 வசனங்களை எடுத்து மெதுவாக வாசியுங்கள். தவக்காலத்தின் முதல் வார வெள்ளிக்கிழமை வாசகத்தில் வரும். காணிக்கை செலுத்த வரும்போது, உன் சகோதரனோடு உனக்கு மனத்தாங்கல் இருந்தால் என்று இயேசு சொல்லவில்லை. அந்தச் சகோதரனுக்கு உன் மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவுக்கு வந்தால் என்கிறார். தப்பு யார் மேல் என்ற விசாரணையே அந்த வசனத்தில் இல்லை. அண்ணன் மனசில் உங்களைப் பற்றி ஒரு வலி இருக்கிறதா? அவர் செய்தது தப்பாகவே இருக்கட்டும். உங்கள் வார்த்தை ஏதாவது அவரைச் சுட்டிருக்கிறதா? அது உங்களுக்குத்தான் தெரியும். நெஞ்சு குறுகுறுப்பதைப் பார்த்தால் தெரியும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. இதைக் கேட்டுக்கொண்டிருந்த மக்களில் பலர் கலிலேயாக்காரர்கள். பலிபீடம் இருந்ததோ எருசலேமில், நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. மூன்று நான்கு நாள் நடந்து வந்து, வரிசையில் நின்று, பலிபீடத்துக்கு எதிரே வந்தபிறகு ஞாபகம் வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார். போவதற்கு நாலு நாள், திரும்பி வர நாலு நாள். 'சமாதானம்' என்று பக்கத்து பெஞ்சுக்காரரைக் கும்பிடுவதோடு முடிந்துவிடும் காரியமாக அவர் அதைச் சொல்லவில்லை. திருப்பூரிலிருந்து உங்கள் ஊர் எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. பஸ் இருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வினாத்தாள் ஒன்றில் இருந்த பிழைக்காக ஒரு சக ஆசிரியையை எல்லார் முன்னாலும் திருத்தினேன். நான் சொன்னது சரி, இன்றைக்கும் சரிதான். ஆனால் சொன்ன இடம் அவரைக் காயப்படுத்தியது. ஒன்றரை ஆண்டு பேச்சில்லை. ஒரு தவக்கால வெள்ளியன்று அவர் வீட்டுக்குப் போனேன். மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. வெயிலில் நின்றபடியே, "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னது தப்பு டீச்சர்" என்றேன். அவர் பிழிந்து முடிக்கும்வரை பதில் இல்லை. பிறகு கையைக் கழுவிவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். குடித்தேன். பழைய சிநேகம் திரும்பவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் ஆசிரியர் அறையில் என் முகத்தைப் பார்த்து 'குட் மார்னிங்' சொன்னார்.

போவது என்றால் மனையை விட்டுக்கொடுப்பது என்று அர்த்தமில்லை. பங்கு நியாயமாக வேண்டும் என்றால் கேளுங்கள். பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். வழக்கு இருந்தால் அது பாட்டுக்கு நடக்கட்டும். ஆனால் முதல்முறை போகும்போது பத்திரப் பேச்சு வேண்டாம். அப்பாவின் நினைவுநாள் நல்ல நாள். கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு நேராக அண்ணன் வீட்டு வாசலுக்குப் போய் நில்லுங்கள். கதவு திறக்காவிட்டால் அதையும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஏமாற்றிய வீட்டுப் பொறுப்பாளரை லூக்கா 16இல் தலைவர் பாராட்டுகிறாரே, இது என்ன நியாயம்?
– வாசகர், காரைக்குடி

தலைவருக்குக் கடன்பட்டவரிடம், நூறு குடம் எண்ணெய்க் கடனை ஐம்பது என்று எழுதச் சொன்னாரே அந்தப் பொறுப்பாளர், அதற்காக அல்ல, 'உடனே உட்கார்ந்து' எழுதச் சொன்ன வேகத்துக்காக அந்தப் பாராட்டு என்று நான் வாசிக்கிறேன். வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் அவர் ஒரு மணி நேரத்தையும் வீணாக்கவில்லை. நல்லது செய்ய வேண்டிய நாம்தான் 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்கிறோம். அங்கே எனக்கு வினைச்சொல்லைவிட 'உடனே'தான் குத்துகிறது.

கேள்வி: ஏழு மாதத்துக்கு முன் பைக் விபத்தில் என் மகன் இறந்துவிட்டான். வயது 22. நான் கைம்பெண், ஒரே பிள்ளை. செப்டம்பரில் ஒருநாள் கோயிலில் நயீன் ஊர்க் கைம்பெண்ணின் மகனை இயேசு எழுப்பிய நற்செய்தியை வாசித்தார்கள். எழுந்து வெளியே வந்துவிட்டேன். அதற்குப்பின் பைபிளைத் தொடவில்லை. அவள் பிள்ளையை எழுப்பியவர் என் பிள்ளையை ஏன் எழுப்பவில்லை? ஊர்ப்பெயர் போட வேண்டாம்.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். ஏன் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 'கடவுளின் திட்டம்', 'அவருக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார்' என்று யாராவது சொல்லியிருந்தால் அதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நற்செய்தியில் இயேசு எந்தத் தாயிடமும் அப்படிச் சொல்லவில்லை.

நீங்கள் எழுந்து வெளியே போனதும் தவறில்லை. பைபிளைத் தொட முடியாவிட்டால் இப்போது தொட வேண்டாம். நான் வாசித்துச் சொல்கிறேன், கேளுங்கள். லூக்கா 7ஆம் அதிகாரம். எழுப்பியதற்கு முன்னால் என்ன நடந்தது என்று மட்டும் பார்த்தேன். அந்தத் தாயைக் கண்ட ஆண்டவர் 'பரிவு கொண்டு' என்கிறது திருவிவிலியம். பழைய மொழிபெயர்ப்பு 'மனதுருகி' என்கிறது. கிரேக்கத்தில் அந்த வினைச்சொல் குடல், ஈரல் போன்ற உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. நம் ஊரில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் 'பெத்த வயிறு எரியுதே' என்பாள் இல்லையா? ஏறத்தாழ அந்தச் சொல்தான். அந்தத் தாயின் வயிறு எரிந்ததைப் பார்த்து அவர் வயிறும் எரிந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. விசுவாசம் இருக்கிறதா என்று அவரும் கேட்கவில்லை. அருகில் சென்று பாடையைத் தொட்டார். தூக்கிக்கொண்டு போனவர்கள் நின்றார்கள்.

1979இல் என் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கரைக்கு வரவில்லை. "எனக்குத் தொட்டு அழ ஒரு பாடைகூட இல்லையே" என்று அம்மா அழுதது இன்றும் காதில் இருக்கிறது. ஐந்து மாதம் அவர் கோயிலுக்குள் வரவில்லை. பூசை நேரத்தில் வெளியே பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டு அத்தை ஒருத்தி ஒரு சுளகு நிறைய நெத்திலியைக் கொண்டுவந்து அவர் அருகில் உட்கார்ந்து தலை கிள்ளிக்கொண்டிருப்பார். ஆறுதல் வார்த்தை ஒன்றும் கிடையாது. நெத்திலி கிள்ளுகிற சத்தம்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு காலையில் அம்மாவின் கையும் அந்தச் சுளகுக்குள் போயிற்று. நான் விடுமுறைக்கு வந்திருந்தேன், பார்த்தேன். அதன்பிறகும் அவர் கோயிலுக்குள் வர நாளாயிற்று.

உங்களுக்கு அருகில் அப்படி யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? இல்லையென்றால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், நான் வருகிறேன். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருகிறது. அன்று உங்களுக்கு மிகக் கடினமாக இருக்கும். தனியாகப் போக வேண்டாம்.

என் பைபிளில் 'தொட்டார்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் தம்பியின் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு பெயருக்கு இடம் இருக்கிறது. உங்கள் மகனின் பெயரை மட்டும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள் அம்மா.