ஆங்கிள் லாக்கும் லாடமும்

அண்ணா, வணக்கம்.

பெருந்துறை சிப்காட்டில் வேலை செய்கிறேன். ஒன்றேகால் வருடமாக ஈரோட்டில் ஜியு-ஜிட்சு வகுப்புக்குப் போகிறேன். வெள்ளை பெல்ட், 61 கிலோ. என்னோடு ரோல் பண்ணுகிறவர், அதாவது பயிற்சிச் சண்டை போடுகிறவர், 84 கிலோ. அவர் மேலே ஏறி அழுத்தினால் என்னால் அசைய முடியாது, அதனால் கால்களுக்குப் போகிறேன். ஸ்ட்ரெயிட் ஆங்கிள் லாக் (கணுக்கால் பூட்டு) வரைக்கும் பிடித்துவிடுகிறேன். கை கடுக்க இழுத்தாலும் அவர் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுகிறார். ஜியு-ஜிட்சு வீரர் லாக்லன் ஜைல்ஸ் தன்னைவிடப் பெரிய ஆட்களை, குதிகாலைப் பிடித்துத் திருகும் ஹீல் ஹூக் பூட்டில் மடக்கிய வீடியோ பார்த்தேன். ஆங்கிள் லாக்கை விட்டுவிட்டு நேராக அதற்கே போய்விடலாமா? கோச் இப்போது வேண்டாம் என்கிறார். காரணம் கேட்டால் பதில் இல்லை.

- ஒரு வாசகர், பெருந்துறை

தம்பி,

கோச் காரணத்தையும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வேண்டாம் என்றது சரிதான்.

முதலில் உங்கள் ஆங்கிள் லாக். "கை கடுக்க இழுத்தாலும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறே அங்கேதான். நான் சின்னப் பையனாக இருந்தபோது காங்கயம் பக்கம் அப்புச்சி ஊரில் மாட்டுக்கு லாடம் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கயிற்றைக் காலில் சுற்றி இழுத்து மாட்டைச் சாய்ப்பார்கள். ஒருவர் கொம்பைப் பிடித்துத் தலையைத் தரையோடு அமுக்கிக்கொள்வார். கால்களைச் சேர்த்துக் கட்டி முடிக்கும்வரை லாடக்காரர் சுத்தியலைத் தொடவே மாட்டார், பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "மாடு எந்திரிக்காதுன்னு ஆனப்புறம்தான் ஆணி, கண்ணு" என்பார் அப்புச்சி. நீங்கள் நிற்கிற மாட்டுக்கு ஆணி அடிக்கிறீர்கள்.

அவருடைய பாதம் உங்கள் கக்கத்தில் இருப்பது பெரிய விஷயமில்லை. அவருடைய முழங்கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது உங்கள் தொடைகளுக்கு நடுவே இறுகி நிற்கும்வரை கால் உங்களுடையது. முழங்கால் வெளியே நழுவிவிட்டால் நீங்கள் பிடித்திருப்பது வெறும் செருப்பு. ஆஷி கராமியில், அதாவது அவர் காலை உங்கள் கால்களால் பின்னிப் பிடிக்கும் நிலையில், உங்கள் வெளிப்பக்கப் பாதம் அவர் இடுப்பெலும்பில் ஊன்றியிருக்க வேண்டும், அவர் எழுந்து முன்னால் வராமல் தடுப்பது அதுதான். இன்னொரு கால் அவர் தொடைக்குப் பின்னால் வளைந்து கிடக்கட்டும். இரண்டு முழங்கால்களையும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்குங்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். பூட்டு வேண்டாம். 84 கிலோ ஆள் எழப் பார்க்கட்டும், நீங்கள் விடாமல் இருங்கள்.

அப்புறம் கை. மணிக்கட்டுக்கு மேலே, கட்டைவிரல் பக்கத்து எலும்பு அவருடைய குதிகாலுக்குச் சற்று மேலே உள்ள தடித்த தசைநாரின் கீழே வர வேண்டும். கெண்டைச்சதைக்கு ஏறிவிட்டால் நசுக்குகிற வலிதான் வரும், பெரிய ஆட்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள். நேராக மல்லாக்கச் சாயாமல் ஒருக்களித்துச் சாய்ந்து, இடுப்பை முன்னால் தள்ளி முதுகை வளையுங்கள். வேலையைச் செய்வது இடுப்பு. கை வெறும் கொக்கி.

இனி ஹீல் ஹூக். பெயரில் குதிகால் இருந்தாலும் அடி விழுவது முழங்காலுக்கு. போர்வெல்லில் மோட்டார் ஏற்றும்போது பைப் ரெஞ்ச் போடுவார்களே, பிடிப்பது ஓரிடம், இளகுவது வேறிடம். அதே கணக்கு. மடங்கிய முழங்கால் கொஞ்சம் திரும்ப இடம் கொடுக்கும். பாதத்தை நெம்புகோலாக்கித் திருகினால் அந்தத் திருகல் அப்படியே முழங்காலில் போய் முடியும். வலி வருவதற்கு முன்பே ஜவ்வு போய்விடலாம். ஐபிஜேஜேஎஃப் என்ற சர்வதேச ஜியு-ஜிட்சு அமைப்பின் போட்டிகளில், கீ என்ற தடித்த சீருடை அணிந்து ஆடும் பிரிவில் எந்த பெல்ட்டுக்கும் ஹீல் ஹூக் கிடையாது. கீ இல்லாத பிரிவில் 2021-இல்தான் அனுமதித்தார்கள், அதுவும் அடல்ட் பிரிவில் பிரவுன், பிளாக் பெல்ட்டுக்கு மட்டும்.

என் கதையையும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் கோவையில் ஒரு ஜிம்மில் ஒருவர் எனக்கு ஹீல் ஹூக் போட்டார். வலிக்கவில்லை, அதனால் டேப் அடிக்கவில்லை, அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டவில்லை. தப்பிப்பதாக நினைத்துத் திருகலுக்கு எதிர்த்திசையில் புரண்டேன். முருங்கைக்காய் ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்துப் பயிற்சிப் பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்கேனில் வலது முழங்காலில் ஜவ்வுக் கிழிசல். எட்டு மாதம் மருதமலைப் படிக்கட்டைக் கீழேயிருந்து பார்த்ததோடு சரி. அவர் வேகமாகத் திருகினார், நான் விவரம் தெரியாமல் புரண்டேன். அன்றைக்கு ரெண்டு பேருமே முட்டாள்கள்.

எதிராளி டேப் அடித்த பிறகும் விடாதவர்கள் வேறு ரகம். 2013 அக்டோபரில் யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டியில் ரூசிமார் பல்யாரெஸ் மைக் பியர்ஸுக்கு ஹீல் ஹூக் போட்டு, டேப் அடித்தும் உடனே விடவில்லை. ஜெயித்த ஆளையே யுஎஃப்சி வெளியே அனுப்பியது. அந்த விஷயத்தில் எனக்கு யுஎஃப்சி மேல் மரியாதை.

நீங்கள் சொன்ன ஜைல்ஸ் விஷயம் உண்மைதான். 2019-இல் ஏடிசிசி என்ற பெரிய மல்யுத்தப் பூட்டுப் போட்டியில் 77 கிலோ பிரிவில் முதல் சுற்றிலேயே தோற்றவர், எடை வரம்பில்லாத பிரிவில் 99 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவின் சாம்பியனான கைனன் டுவார்ட்டேயை மடக்கி வெண்கலம் வாங்கினார். அதே வீடியோவை இன்னொரு முறை ஓட்டுங்கள். கையை மறைத்துவிட்டு அவருடைய இரண்டு கால்கள் என்ன செய்கின்றன என்று மட்டும் பாருங்கள். தொழிலாக அவர் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் எப்படிக் கெடும் என்று முறையாகப் படித்தவர்.

ஆங்கிள் லாக்கில் அந்த 84 கிலோக்காரர் எழ முடியாமல் கிடக்கும் நாள் வரட்டும், அன்று கோச்சிடம் மறுபடி கேளுங்கள். கற்றுத்தரும்போது முதலில் தப்பிக்கும் வழியைக் கேட்டு வாங்குங்கள். குதிகாலை ஒளிப்பது, எந்தப் பக்கம் புரள்வது, எப்போது டேப் அடிப்பது, இந்த மூன்றும் தெரியாமல் யாருக்கும் காலைக் கொடுக்காதீர்கள். போடும்போது மெதுவாக, அவருக்கு டேப் அடிக்க நேரம் விட்டுப் போடுங்கள்.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஈரோடு வருகிறேன். வகுப்பு எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள், எட்டிப் பார்க்கிறேன். பழகிப் பார்க்க என் இடது காலைத் தருகிறேன். வலது காலைக் கேட்கக் கூடாது.