பட்டனை அழுத்திப் பார்த்து டிவி வாங்குங்கள்

சூரமங்கலத்தில் முப்பது வருஷமாக டிவி ரிப்பேர் பார்க்கிறேன். பிக்சர் டியூப் காலத்தில் "படம் வரவில்லை" என்று வருவார்கள். இப்போது படம் பளிச்சென்று வருகிறது, ஆனால் ஆட முடியவில்லை என்று வருகிறார்கள். இந்த முறை வந்த கடிதங்களும் அந்த ரகம்தான்.

நான் போன மாதம் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் கன்சோல் வாங்கினேன். வீட்டில் இருப்பது நான்கு வருஷப் பழைய 43 இன்ச் 4கே டிவி. ஃபுட்பால் ஆடினால், பாஸ் பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் பந்து நகர்கிறது. "120 ஹெர்ட்ஸ் டிவி வாங்கினால் சரியாகிவிடும்" என்கிறார்கள் கடையில். ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. ராத்திரியில் பாட்டி உட்பட எல்லாரும் ஓடிடியில் படம் பார்ப்போம். 60 ஆயிரம் வரை போடலாம். 55 இன்ச் எடுக்கலாமா?
- வாசகர், அம்மாப்பேட்டை

தம்பி, கடைக்குப் போகும் முன் இன்று ராத்திரியே ஒரு காரியம் செய்யுங்கள். காசு செலவில்லை. பிஎஸ்5-இன் முதல் திரையில் நின்றுகொண்டு, கன்ட்ரோலரின் வலது அம்புக்குறியைத் தட்டித் தட்டிப் பாருங்கள். விரலுக்கடியில் 'டக்' என்பதும் திரையில் கட்டம் நகர்வதும் ஒன்றாக நடக்கின்றனவா, முன்பின்னாக நடக்கின்றனவா? அப்புறம் டிவி ரிமோட்டில் பிக்சர் மோடை 'கேம்' என்று மாற்றிவிட்டு மறுபடி தட்டுங்கள். வித்தியாசம் விரலுக்கே தெரிந்துவிடும்.

சாதாரண மோடில் டிவி, வந்த படத்தை வந்தபடி காட்டாது. புள்ளிகளைத் துடைக்கும், ஓரங்களைக் கூர்மையாக்கும். அசைவு வழுக்கிக்கொண்டு போகிற மாதிரித் தெரிவதற்காக, இரண்டு படங்களுக்கு நடுவே தானே ஒரு படத்தை உண்டாக்கிச் சொருகும். நடுப்படம் உண்டாக்க வேண்டுமென்றால், அடுத்த படம் வரும்வரை முதல் படத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் அல்லவா? அந்தக் காத்திருப்புதான் உங்கள் தாமதம். சினிமாவில் இது தெரியாது, ஏனென்றால் டிவியே சத்தத்தையும் சேர்த்துத் தாமதப்படுத்திவிடும். விளையாட்டில் காத்துக் கிடப்பது உங்கள் விரல். 60 ஹெர்ட்ஸ் என்றால் செகண்டுக்கு 60 படம், ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட். இந்த வேலைகள் எல்லாம் ஓடும்போது 100 மில்லி செகண்ட் தாமதம் வருவது சாதாரணம், அதாவது ஆறு படம். கோல்கீப்பர் பந்தைப் பிடித்து முடித்திருப்பார். கேம் மோடில் நல்ல டிவி 10, 15 மில்லி செகண்டுக்கு இறங்கிவிடும்.

கிச்சிப்பாளையத்தில் ஒரு பையன், இதே தொல்லைக்காகப் பழைய டிவியைக் கொடுத்துவிட்டுப் புது டிவி எடுத்தான். வீட்டில் மாட்டியதும் அதே தாமதம். விற்ற கடையில் "கன்சோல் கோளாறு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னிடம் வந்தான். மோடை மாற்றினேன், முடிந்தது. அவன் அப்பா வெள்ளிப்பட்டறையில் கொலுசு வேலை செய்து சேர்த்த பணம் அது. எனக்கு ஆறவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், விளையாட வாங்கும் டிவியைக் கண்ணால் பார்த்து வாங்காதீர்கள், விரலால் பார்த்து வாங்குங்கள். கடையில் ஓடுகிற கிளியும் பூவும் அருவியும் எந்த டிவியிலும் அழகாகத்தான் இருக்கும். கடை வெளிச்சத்துக்காகப் பிரைட்னஸையும் ஏற்றிவிட்டிருப்பார்கள். தாமதத்தை அந்த வீடியோ காட்டாது. கன்சோலைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஞாயிறு சாயங்காலம் வேண்டாம். செவ்வாயோ புதனோ காலை பதினொரு மணிக்கு ஐந்து ரோடு பக்கம் போனால், கடைக்காரரே நாற்காலி போட்டு உட்கார வைத்து இணைத்துக் கொடுப்பார். மறுக்கிற கடையில் வாங்க வேண்டியதில்லை. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பழைய விலைப் பட்டியலைக் காட்டிப் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

சரி, 120 ஹெர்ட்ஸ். பெட்டியில் 'மோஷன் ரேட் 240' என்று இருந்தால் அது பேனலின், அதாவது திரையின், வேகம் இல்லை, கம்பெனி தனக்குத் தானே வைத்துக்கொண்ட கணக்கு. 'டிஎல்ஜி 120' என்றால், பேனல் உண்மையில் 60தான். படத்தின் நெடுக்குத் துல்லியத்தைப் பாதியாக்கித்தான் 120 காட்டும். 'நேட்டிவ் 120' அல்லது '144' என்று ஸ்பெசிஃபிகேஷனில் இருந்தால்தான் நம்பலாம். உங்கள் 60 ஆயிரத்துக்குள் அப்படி ஒன்று கிடைத்தால் எடுங்கள், கூடவே விஆர்ஆர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேமில் படங்கள் எப்போதும் ஒரே சீராக வராது. கூட்டமான காட்சியில் தடுமாறும். டிவி தன் வேகத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வதுதான் விஆர்ஆர். பிஎஸ்5-க்கு இது 2022 ஏப்ரலில்தான் வந்தது. 120-இல் ஓடும் கேம்கள் குறைவுதான், பெரும்பாலானவை 30 அல்லது 60. ஆகவே 120-க்காகக் கடன் வாங்க வேண்டாம். தாமதம் குறைவான நல்ல 60 ஹெர்ட்ஸ் டிவி, தாமதம் கூடிய 120-ஐவிட ஆடுவதற்குச் சுகம்.

டிவியைத் திருப்பி போர்ட்டுகளைப் பாருங்கள். 4கே-வில் 120 போக, கன்சோல் கேபிளைச் சொருகும் ஹெச்டிஎம்ஐ போர்ட் 2.1 வகையாக இருக்க வேண்டும். பழைய 2.0-இன் கொள்ளளவு செகண்டுக்கு 18 ஜிகாபிட், 2.1-இல் 48 வரை போகலாம். நான்கு போர்ட் இருந்தாலும் பல டிவிகளில் இரண்டில்தான் '4கே 120' என்று எழுதியிருக்கும். அந்த இரண்டில் ஒன்றிலேயே 'இஆர்க்' என்றும் இருக்கும், டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் வழி அது, சவுண்ட்பார் அங்கேதான் போக வேண்டும். மிச்சம் ஒன்று உங்கள் பிஎஸ்5-க்கு. நாளைக்கு எக்ஸ்பாக்ஸ் என்ற இன்னொரு கன்சோலும் வாங்கும் எண்ணம் இருந்தால் இதை இப்போதே யோசியுங்கள்.

பாட்டி எங்கே உட்காருவார்? எதிரிலா, ஓரமாகவா? சாதாரண எல்இடி டிவி பேனலில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை உண்டு. விஏ பேனலில் இருட்டுக் காட்சி நன்றாகக் கறுக்கும், ஆனால் ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனலில் ஓரத்திலிருந்தும் நிறம் நிற்கும், ஆனால் விளக்கை அணைத்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். கடையில் இருட்டுக் காட்சி ஒன்றைப் போடச் சொல்லி, பாட்டி உட்காரும் கோணத்தில் போய் நின்று பாருங்கள். ஏழெட்டு அடி தூரத்துக்கு 55 இன்ச் சரியான அளவுதான்.

வீட்டில் மாட்டியதும், பிஎஸ்5 பெட்டியில் வந்த கேபிளையே போடுங்கள், அது 2.1-க்கு உரியது. பல டிவிகளில் அந்த போர்ட்டுக்கு 'என்ஹான்ஸ்டு' போன்ற பெயரில் ஒரு செட்டிங் அணைந்தே இருக்கும், அதைத் திறந்துவிடுங்கள். கன்சோலின் 'ஸ்கிரீன் அண்ட் வீடியோ' பகுதியில் எந்தத் துல்லியத்தில், எத்தனை ஹெர்ட்ஸில் படம் போகிறது என்று காட்டும். அதைப் பார்த்த பிறகே, மாட்ட வந்த கடைக்காரர் ஆளைத் திருப்பி அனுப்புங்கள்.

ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் வீடு, பழைய கருங்கல் சுவர். டிவியும் எக்ஸ்பாக்ஸும் வாங்கப் போகிறோம். கரண்ட் அடிக்கடி போய் வரும். இன்வெர்ட்டர் இருந்தும் கணவரின் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. ஓடிடியில் 4கே பிளான் போட்டும் இப்போதைய டிவியில் படம் மங்கலாக வருகிறது. என்ன செய்வது?
- வாசகி, ஏற்காடு

அம்மா, முதலில் இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள். பலவற்றில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 'யுபிஎஸ்', மறுபக்கம் 'நார்மல்' அல்லது 'வைட்'. நார்மலில் இருந்தால் மாறுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஃபேனும் லைட்டும் அதைத் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது, எக்ஸ்பாக்ஸும் தாங்காது. ஆட்டம் சேமிக்கப்படும் நேரத்தில் அணைந்தால் அன்றைய ஆட்டமே போகலாம். யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். இன்வெர்ட்டர், லைன் கரண்ட் மாதிரியே சீரான அலையாகக் கரண்ட் தருகிற சைன் வேவ் வகையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடிதான் மலையில் என் பெரிய கவலை. சித்திரை வைகாசியில் ஏற்காட்டிலிருந்து வருகிற டிவிகளில் ஒரே மாதிரிக் கோளாறு பார்க்கிறேன். டிவி ஆன் ஆகும், மெனு வரும், யூடியூப்கூட ஓடும். ஹெச்டிஎம்ஐ-யில் மட்டும் 'நோ சிக்னல்'. கழற்றிப் பார்த்தால் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் நகத்தளவு ஐசி ஒன்று செத்திருக்கும். கரண்ட் லைன் வழியாக வந்ததல்ல, டிஷ் கேபிள் வழியாகவோ ரூட்டர் வயர் வழியாகவோ வந்தது. பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள். இடி தூரத்தில் கேட்டதுமே பிளக், டிஷ் கேபிள், லேன் வயர் மூன்றையும் கழற்றுங்கள்.

மங்கல் படத்துக்கு நெட் வேகம் காரணமாக இருக்கலாம். நெட்ஃபிளிக்ஸ் 4கே-வுக்கு 15 எம்பிபிஎஸ் கேட்கிறது, ஃபுல் ஹெச்டி-க்கு 5 போதும். ரூட்டர் பக்கத்தில் வேகம் வந்து டிவி பக்கத்தில் வராவிட்டால் குற்றவாளி உங்கள் கருங்கல் சுவர்தான். வைஃபையை மாற்றி மாற்றிப் பார்த்துப் பணத்தை வீணாக்காமல் ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். டிவியின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், படத்துக்கு அது தாராளம். படம் பார்க்க டிவியில் உள்ள ஆப்பையே திறங்கள். அதற்காகக் கன்சோலை ஓடவிட்டால் கரண்ட்தான் கூடும்.

இன்னொன்று. டிவி சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரவேண்டும். பெட்டியை நிற்கவைத்துத்தான் கொண்டுவர வேண்டும், படுக்க வைத்தால் வளைவுக்கு வளைவு பேனல் வளையும். இறக்கியதும் கையெழுத்துப் போடாதீர்கள். பெட்டியைப் பிரித்து, ஆன் செய்து, முழுத்திரை வெள்ளையில் ஒரு தடவை, கறுப்பில் ஒரு தடவை பாருங்கள். கோடு தெரிந்தால் அப்படியே திருப்பி ஏற்றிவிடுங்கள். மாட்டும் சுவர், மழைக்காலத்தில் ஊறுகிற வெளிச்சுவராக இருக்கக் கூடாது.

மகன் ஓஎல்இடி வேண்டும் என்கிறான். விலை அதிகம் என்றாலும் வாங்கித் தர ஆசை. ஆனால் அவன் தாத்தா காலை முதல் ராத்திரி வரை நியூஸ் சேனல் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். பரவாயில்லையா?
- வாசகி, அஸ்தம்பட்டி

ஒரே டிவி என்றால் வேண்டாம் அம்மா. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், அதனால்தான் அந்தக் கறுப்பும் அந்த வேகமும். எரிவது என்பதால் தேயவும் செய்யும். சேனல் லோகோவும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் தினமும் பத்து மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால், சில வருஷத்தில் அந்த இடம் தழும்பு மாதிரித் தெரிய ஆரம்பிக்கும். தாத்தாவுக்கு 32 இன்ச்சில் தனியாக ஒன்று வாங்கி அவர் கட்டிலுக்கு எதிரே வைக்க முடிந்தால், பையனுக்கு ஓஎல்இடி தாராளமாக எடுங்கள், ஆடுவதற்கு அதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. முடியாதென்றால் மினி எல்இடி பாருங்கள், அதில் புள்ளிகள் தாமே எரியாது, திரைக்குப் பின்னால் இருக்கும் குட்டி விளக்குகள்தான் எரியும். தாத்தாவின் நியூஸை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

என்னிடம் இருப்பது சாதாரண பிஎஸ்4. அதற்காக 4கே டிவி வாங்க வேண்டுமா?
- வாசகர், ஆத்தூர்

அதற்காக வேண்டாம். சாதாரண பிஎஸ்4 அனுப்புவதே ஃபுல் ஹெச்டி வரைதான், 60 ஹெர்ட்ஸ்தான். இருக்கும் டிவியில் கேம் மோடை மட்டும் போட்டுக்கொண்டு ஆடுங்கள். பிஎஸ்5 வாங்கும் அன்று, அதைப் பையில் போட்டுக்கொண்டு டிவி கடைக்குப் போங்கள்.