குளத்து மீனும் பூச்சிமருந்தும்

கேள்வி: வயல்களின் வடிகால் வந்து சேரும் குளங்களில் பிடிக்கும் மீன்களில் பூச்சிமருந்து கலந்திருக்கும் என்கிறார்களே, உண்மையா? உயிரோடு துள்ளும் மீனாகப் பார்த்து வாங்கி, பலமுறை அலசி, நன்றாக வேகவைத்தால் நஞ்சு நீங்கிவிடாதா?

பதில்: கலந்திருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் மீன் துள்ளுவதை அதற்கு அளவுகோலாகக் கொள்ள முடியாது. பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீன்களைக் கொன்றுவிடுவதால், கேடு நேர்ந்ததும் செத்து மிதக்கும் மீன்களே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். டி.டி.டி., டீல்ட்ரின் போன்ற ஆர்கனோகுளோரின் (குளோரின் சேர்ந்த கரிமச் சேர்மம்) வகைகளோ நீரில் அரிதாகவும் கொழுப்பில் எளிதாகவும் கரைபவை என்பதால், குறைந்த அளவில் இருக்கும்போது மீனை உடனே கொல்லாமல், செவுள் வழியாகவும் இரை வழியாகவும் உட்புகுந்து அதன் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். கொசு போன்ற சிறு பூச்சிகளை ஒழிப்பதற்காக 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டி.டி.டி.க்கு நெருங்கிய இனமான ஒரு மருந்தை அந்த ஏரியில் கலந்தார்கள். நீரில் அதன் செறிவு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 0.02 பங்குதான், ஆனால் அங்கே மீன் தின்று வாழ்ந்து, பின்னர் இறந்து கிடந்த முக்குளிப்பான் இனப் பறவைகளின் கொழுப்பில் அது 1,600 பங்காக இருந்தது. நுண்ணுயிர், சிறு மீன், பெரிய மீன், பறவை என ஒவ்வொரு படியிலும் நஞ்சு திரண்டுகொண்டே போயிருக்கிறது. மீன் உண்ணும் நாமும் அந்தப் பறவையின் படியில்தான் இருக்கிறோம்.

ஆகவே அலசுவதால் மேற்பரப்பு அழுக்குத்தான் போகும். சமையல் சூட்டில் இவ்வகை நஞ்சு சிதைவதும் இல்லை. தோல், குடல், ஈரல், வயிற்றுப்பகுதிக் கொழுப்பு ஆகியவற்றை நீக்கிவிட்டு, மீனைச் சுட்டு, வடியும் கொழுப்பைக் கொட்டிவிட்டால் ஓரளவு குறையும். பிற மீன்களைத் தின்று பெருத்த முதிர்ந்த மீன்களையும் கொழுப்பு மிகுந்தவற்றையும் விட, பாசி மேயும் இளம் மீன்களில் இச்சேர்மானம் பொதுவாகக் குறைவு. இதற்காக மீனையே ஒதுக்க வேண்டியதில்லை; ஒரே குளத்து மீனையே நாள்தோறும் உண்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

இத்தகைய நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2004இல் நடைமுறைக்கு வந்தது. 2011இல் எண்டோசல்பானும் அதன் பட்டியலில் சேர்ந்தது. எனினும் முன்பு தெளித்தவை அடிச்சேற்றில் இன்னும் தங்கியிருக்கக்கூடும். மருந்து தெளித்த பிறகு செத்து மிதக்கும் மீன்களை மட்டும், எத்தனை புதிதாகத் தெரிந்தாலும், ஒருபோதும் எடுத்துச் சமைக்காதீர்கள். தெளிப்பானையும் குளத்தில் கழுவ விடாதீர்கள்.