ஆர்.வி. கூரையில் ஏசி: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவில் ஆர்.வி. (தங்கிப் பயணிக்கும் ட்ரெய்லரோ மோட்டார்ஹோமோ) வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து கோடை நெருங்கும்போது வரும் கேள்விகள் இவை. எந்த பிராண்ட் நல்லது என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். கரண்ட் எவ்வளவு கிடைக்கும், கூரை எவ்வளவு தாங்கும் என்ற இரண்டையும் பார்த்துவிட்டு அப்புறம் பிராண்டுக்கு வாருங்கள்.

கேள்வி: படுக்கையறையில் கூரை வென்ட் (காற்றுப்போக்கி) மட்டும் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையிலேயே ஏசி வைக்கலாமா?

அளவு பொருந்தும். வென்ட்டுக்கும் கூரை ஏசிக்கும் ஒரே ஓட்டைதான்: 14¼ அங்குலச் சதுரம். சிக்கல் எடையில். வென்ட் சில பவுண்டுதான். ஏசி 75 முதல் 100 பவுண்டு. உள்பக்கச் சட்டத்தைக் கழற்றி ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். நான்கு பக்கமும் மரமோ அலுமினியமோ தெரிந்தால் நல்லது. வெறும் ஃபோம் தெரிந்தால், கூரையின் கனத்துக்கு ஏற்ற மரச்சட்டம் அடித்த பிறகே ஏசியை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் போல்ட்டை முறுக்க முறுக்கக் கூரையும் சீலிங்கும் ஒன்றையொன்று நசுக்கும். அந்த இடம் பள்ளமாகி மழைத்தண்ணீர் தேங்கும்.

கேள்வி: ஏசிக்கும் கூரைக்கும் இடையில் வரும் கேஸ்கெட்டுக்கு (ஃபோம் வளையம்) மேல் சிலிகான் பூசினால் ஒழுகாதா?

பூசக்கூடாது. கேஸ்கெட் அமுங்கித்தான் தண்ணீரைத் தடுக்கிறது. கிட்டத்தட்ட ஒரு அங்குலம் இருப்பது அரை அங்குலமாக அமுங்க வேண்டும். நான்கு போல்ட்டையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு மூலையை முதலிலேயே இறுக்கிவிட்டால் எதிர் மூலை தூக்கிக்கொள்ளும். அளவுக்கு மேல் இறுக்கினால் ஏசியின் அடித்தட்டு வளைந்து, தண்ணீர் வடியும் வழி அடைபடும்.

பலர் தவறுவது அதற்கு முன்பே. பழைய வென்ட்டைச் சுற்றியிருந்த சீலன்ட்டைச் சுரண்டி எடுக்காமல் கேஸ்கெட்டை வைத்துவிடுகிறார்கள். அல்லது ஏசியைக் கூரைமேல் இழுத்துக்கொண்டு போகிறார்கள்; கேஸ்கெட் கிழிந்துவிடும். இரண்டு பேராகத் தூக்கி நேராக இறக்குங்கள். முதல் நெடும்பயணம் முடிந்ததும் போல்ட்டை மறுபடி சரிபாருங்கள்.

ஏசி ஓடும்போது கூரையிலிருந்து தண்ணீர் வழிவது இயல்பு. அப்படித்தான் வடிய விட்டிருக்கிறார்கள். உள்ளே சொட்டினால், எப்போது சொட்டுகிறது என்று கவனியுங்கள். மழையில் மட்டும் என்றால் கேஸ்கெட். ஏசி ஓடும்போது மட்டும் என்றால் அடித்தட்டின் வடிகால் துளைகள் அடைத்திருக்கும், அல்லது வண்டி சாய்ந்து நிற்கும்.

கேள்வி: என் வண்டிக்கு வெளியிலிருந்து வரும் கரண்ட் 30 ஆம்ப். இரண்டாவது ஏசி போடலாமா?

போடலாம், ஆனால் இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியாது. 30 ஆம்ப், 120 வோல்ட் என்றால் மொத்தம் 3,600 வாட். 13,500 பி.டி.யூ. (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசி ஒன்றே 12, 13 ஆம்ப் இழுக்கும். 15,000 என்றால் 15 ஆம்ப் வரை. பேட்டரி சார்ஜர், ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் எல்லாம் மீதியில்தான் ஓடவேண்டும். ஒன்று ஓடினால் மற்றது நிற்கும்படி மாற்று சுவிட்ச் வைப்பது எளிய வழி. 50 ஆம்புக்கு மாறினால் 120 வோல்ட் லைன் இரண்டு, ஒவ்வொன்றிலும் 50 ஆம்ப், ஆக 12,000 வாட். அதற்கு கேபிள், இன்லெட், பேனல் எல்லாமே மாறவேண்டும்.

எந்த வழியானாலும் புதிய ஏசிக்குத் தனி 20 ஆம்ப் பிரேக்கரும் 12 கேஜ் செம்பு வயரும் போடுங்கள். பக்கத்து பிளக் பாயின்ட்டிலிருந்து இழுக்காதீர்கள்.

வீட்டு வாசலில் வண்டிக்கென்று 30 ஆம்ப் பாயின்ட் வைக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆர்.வி.யின் 30 ஆம்ப் பிளக் 120 வோல்ட்டுக்கானது. பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன் "30 ஆம்ப், மூன்று முள்" என்றதும் துணி உலர்த்தி பாயின்ட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுவார். செருகிய நொடியில் ஏசி, மைக்ரோவேவ், சார்ஜர் எல்லாம் கருகிவிடும். வேலை முடிந்ததும் மல்டிமீட்டரால் அளந்து, 120 காட்டினால் மட்டும் செருகுங்கள்.

கேள்வி: 2,200 வாட் ஜெனரேட்டரில் 13,500 பி.டி.யூ. ஓடுமா?

சாஃப்ட் ஸ்டார்ட் (கம்ப்ரசரை மெதுவாகக் கிளப்பும் கருவி) இருந்தால், சமவெளியில் ஓடும். 2,200 என்பது சில நொடிக்கான உச்சம். தொடர்ந்து தருவது 1,800 வாட் அளவுதான். ஓடும்போது ஏசிக்கு 1,400, 1,500 வாட் போதும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதைப்போல் சில மடங்கு கேட்கும், ஜெனரேட்டர் படுத்துவிடும். சாஃப்ட் ஸ்டார்ட் அந்த இழுப்பைப் பரப்பிவிடுகிறது. அதைப் பொருத்தும்போது கரண்டைத் துண்டித்தாலும் கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும். அதை இறக்கிவிட்டுத்தான் கை வைக்கவேண்டும்.

மலையேறினால் கணக்கு மாறும். ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3.5 சதவீத சக்தி குறையும். 7,000 அடியை ஒட்டிய, அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் உங்கள் 1,800 வாட் 1,360 ஆகிவிடும், ஏசி ஓடாது.

கேள்வி: சோலார், லித்தியம் பேட்டரி வைத்து ராத்திரி முழுக்க ஓட்ட முடியுமா?

12.8 வோல்ட், 100 ஆம்ப்-அவர் பேட்டரியில் இருப்பது 1,280 வாட்-அவர். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து ஏசி 1,550 வாட் எடுக்கிறது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடினால் 50 நிமிடம். அப்படி நான்கு பேட்டரி வைத்தாலும் மூன்றேகால் மணி நேரம். கூரையில் 400 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் தருவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். சாப்பாட்டு நேரத்தில் அறையைக் குளிர்விக்கலாம். ராத்திரி முழுக்க என்றால் கேம்ப்கிரவுண்டு கரண்ட்தான் நல்லது.

கேள்வி: புது ஏசி. வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட், உள்ளே 84-க்குக் கீழே இறங்கவில்லை. கேஸ் குறைவா?

ஏசி குளிரவில்லை என்றாலே "கேஸ் போடணும்" என்பது நம்மூர்ப் பழக்கம். ஆர்.வி. கூரை ஏசிகள் பெரும்பாலும் சீல் செய்து வருபவை. கேஸ் நிரப்ப வால்வே இருக்காது. 20 நிமிடம் ஓடிய பிறகு, காற்று உள்ளே இழுக்கும் இடத்திலும் வெளிவரும் இடத்திலும் தெர்மாமீட்டர் வையுங்கள். வித்தியாசம் 16 முதல் 22 டிகிரி இருந்தால் ஏசியில் குறையில்லை, வண்டிதான் சூடு வாங்குகிறது. மற்ற வென்ட்டுகளை ஃபோம் அட்டையால் அடையுங்கள், ஆனிங்கை (வண்டியின் பக்கவாட்டு நிழல் துணி) விரியுங்கள், வெயில் ஏறும் முன் காலையிலேயே ஏசியைப் போடுங்கள்.

வித்தியாசம் பத்து டிகிரிதான் என்றால் ஃபில்டரைப் பாருங்கள்; பிறகு சீலிங் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே இழுக்கும் காற்றையும் வெளிவிடும் காற்றையும் பிரிக்கும் தடுப்பில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலே குளிர்ந்த காற்று அறைக்கு வராமல் திரும்ப உள்ளேயே போய்விடும். தெர்மோஸ்டாட்டும் ஏமாந்து கம்ப்ரசரை அடிக்கடி நிறுத்தும். அந்த இடைவெளியை அலுமினியம் ஃபாயில் டேப்பால் முழுக்க அடையுங்கள். துணி டேப் ஈரத்தில் உரிந்து விழும்.