யானை பார்ப்பதற்கு அந்தமான் வேண்டாம்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். பல ஆண்டுகளாகக் கபினி, பந்திப்பூர் என்று சஃபாரி போய் வருகிறோம். இந்த முறை ஏதாவது ஒரு தீவுக்குப் போய் வனவிலங்குகளைப் பார்க்க விரும்புகிறோம். எட்டு நாள் கிடைக்கும். மகனுக்கு வயது 11, பறவைகள் என்றால் உயிர். உடன் வரும் என் தாயாருக்கு வயது 67, மூட்டு வலி உண்டு. அந்தமானா, இலங்கையா? டிசம்பர் கடைசியிலா, ஏப்ரல் விடுமுறையிலா? ஹேவ்லாக், ராஸ் தீவு, பாராடாங் எல்லாவற்றையும் ஆறே நாளில் காட்டும் தொகுப்புச் சுற்றுலா ஒன்றைப் பயண முகவர் தருகிறார். அதை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: முதலில் இலங்கையை எடுத்துக்கொள்வோம். பெரிய விலங்குகள்தான் நோக்கம் என்றால் இலங்கைக்கு ஈடாக இந்தப் பக்கத்தில் வேறு தீவு கிடையாது. யால காட்டில் சிறுத்தையும், உடவளவையில் ஆண்டு முழுவதும் யானைக் கூட்டமும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸ கடலில் நீலத் திமிங்கிலமும் காணலாம். ஆனால் பலரும் படத்தில் பார்த்து ஆசைப்படுகிற மின்னேரியாக் குளத்து யானைத் திரள், குளம் வற்றி அடியில் புல் முளைக்கும் ஜூலை முதல் அக்டோபர் வரையிலான காட்சி. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை குளத்தை நிரப்பிவிடுமாதலால் யானைகள் கலைந்து போயிருக்கும். சிறுத்தையையும் யானையையும் கபினியில் ஜீப்பில் அமர்ந்து பார்த்துப் பழகிய குடும்பம், கடல் கடந்து போய் அதே ஜீப்பில் அதே விலங்குகளைப் பார்ப்பதில் எனக்குப் பெரிய நியாயம் தெரியவில்லை. சிங்கராஜ மழைக்காட்டில் அந்தத் தீவுக்கே உரிய பறவைகள் உண்டு என்பது உண்மைதான், ஆயினும் அட்டைக்கடியோடு நனைந்த பாதையில் நடக்க வேண்டிய அந்தக் காடு உங்கள் தாயாருக்கு ஒத்து வராது. பறவைப் பித்துள்ள பையனும் மூட்டு வலியுள்ள பாட்டியும் சேர்ந்து போகும் பயணத்துக்கு என் தேர்வு அந்தமான். கடவுச்சீட்டு வேண்டாம், பெங்களூருவிலிருந்து நேரடி விமானத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், போர்ட் பிளேரில் தமிழ் பேசும் ஓட்டுநர் கிடைப்பதும் எளிது. 2024 செப்டம்பரில் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. பேச்சில் பழைய பெயரே இன்னும் புழங்குவதால் இங்கும் அதையே எழுதுகிறேன்.

ஆனால் போகும் முன் மனத்தில் ஒரு கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்தமான் காட்டில் புலி இல்லை, சிறுத்தை இல்லை, குரங்குகூட இல்லை. பெரிய பாலூட்டிகளால் கடலைத் தாண்டி வந்து குடியேற முடியவில்லை. மண்ணுக்குரிய தரைவிலங்குகளில் பெரியது காட்டுப்பன்றிதான். ராஸ் தீவில் கையிலிருந்து தின்னும் புள்ளிமானைப் பார்த்து உங்கள் மகன் மகிழக்கூடும், மகிழட்டும். எனினும் அது ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட மான். வேட்டையாடும் விலங்கு எதுவும் இல்லாத தீவுகளில் அது பெருகி, முளைவிடும் கன்றுகளையெல்லாம் மேய்ந்து, காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதையே தடுக்கிறது. யானையும் அப்படித்தான், மரம் இழுக்கக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டது. கடலில் நீந்திப் புகழ்பெற்ற ராஜன் என்ற யானை ஹேவ்லாக்கில் 2016இல் இறந்துவிட்டது. அதன் படத்தை இன்றும் விளம்பரத்தில் போடுகிற முகவர் எவராவது இருந்தால் அவரிடம் பணம் கட்டாதீர்கள்.

தீவு எதை வர விடவில்லையோ அது ஒரு பாதி, வந்து சேர்ந்தவற்றை என்னவாக மாற்றியது என்பது மறுபாதி. செம்போத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லால்பாக்கில் உங்கள் மகன் பார்த்திருக்கக்கூடிய செம்போத்துக்கு உடல் கறுப்பு, இறக்கை செம்பழுப்பு. அந்தமான் செம்போத்துக்கு இறக்கை அதே நிறம், உடலோ வெளிறிய மணல் பழுப்பு. கறுப்பு உடலும் சிவந்த கொண்டையுமாக ஒரு மரங்கொத்தி, இங்குள்ள இரட்டைவால் குருவியைப் போன்றும் வேறுபட்டும் ஒரு கரிச்சான், பாம்புக் கழுகு, வால்காக்கை, கிளுவை என்னும் சிறு வாத்து, இரவில் மட்டும் குரல் தரும் ஆந்தைகள் என்று உலகில் வேறெங்கும் கிடைக்காத பறவைகள் அங்கே வரிசையாக உண்டு. தெரிந்த பறவையின் தெரியாத வடிவத்தை அடையாளம் காண்பதில் 11 வயதுப் பையனுக்குக் கிடைக்கும் கிளர்ச்சி, புலி பார்த்ததில் கிடைப்பதற்குக் குறைந்ததல்ல.

பருவத்தைப் பொறுத்தவரை, டிசம்பர் கடைசியும் ஏப்ரலும் வெவ்வேறு பயணங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும், பவளப்பாறை பார்ப்பதற்கு அதுவே ஏற்றது. டிசம்பரிலோ வலசை வந்த கரைப்பறவைகள் சதுப்பில் நிற்கும், கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலமும் அதுதான். பறவைதான் முதன்மை என்பதால் டிசம்பரையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரத்தில் அறை வாடகையும் விமானக் கட்டணமும் எகிறும், தீவுகளுக்கிடையிலான கப்பலில் இடம் கிடைப்பதும் அரிது. பள்ளியில் நான்கைந்து நாள் விடுப்புச் சொல்லி ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் போக முடிந்தால் ஆமையும் பறவையும் அப்படியே இருக்கும், கூட்டம் பாதியாகக் குறைந்துவிடும்.

அங்கே போனதும் எல்லோரும் சறுக்குவது கடிகாரத்தில்தான். நேரம் இந்திய நேரமே, ஆனால் தீவு வெகு கிழக்கே இருக்கிறது. டிசம்பர் கடைசியில் பெங்களூருவில் ஏறக்குறைய 6.40க்கு உதிக்கும் சூரியன் போர்ட் பிளேரில் 5.40க்கு முன்பே உதித்துவிடும், மாலை 5 மணி தாண்டியதும் மறைந்துவிடும். விடுதியில் எட்டு மணிக்குச் சிற்றுண்டி முடித்து ஒன்பதுக்குக் கிளம்புகிற வழக்கமான சுற்றுலாவில் பறவை நேரம் முழுவதும் தூக்கத்தில் கழிந்திருக்கும். ஆகவே ஐந்து மணிக்கு வாசலில் வண்டி நிற்க வேண்டும், இட்லியை முந்தைய இரவே பொட்டலம் கட்டித் தரச் சொல்லிவிட வேண்டும், பகல் பதினொன்று முதல் மூன்று வரை அறையில் ஓய்வெடுக்க வேண்டும். இந்த ஏற்பாடு உங்கள் தாயாருக்கும் நல்லது.

முதல் மூன்று நாளைப் போர்ட் பிளேரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக் போக வேண்டுமென்ற அவசரத்தில் வந்த அன்றே கப்பலேறுகிறவர்கள் இழப்பது சிப்பிகாட்டை. அது ஒரு காலத்தில் வயலும் தோப்புமாக இருந்த இடம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் நிலம் கீழே இறங்க, கடல்நீர் உள்ளே புகுந்தது, பிறகு வடியவே இல்லை. இன்று சாலையோரத்தில் வண்டியை நிறுத்தினாலே போதும், உங்கள் தாயார் இறங்கக்கூட வேண்டாம். தலையிழந்த தென்னை மரங்கள் நீரில் நிற்கும், அவற்றுக்கிடையே கண்ணைச் சுற்றி வெள்ளை தீட்டியது போன்ற பழுப்பு நிறக் கிளுவைகள் மிதக்கும், அதுதான் அந்தமான் கிளுவை. அலைகள் போன பின் யாருடைய நிலம் யாருக்கு ஆயிற்று என்ற எண்ணம் அங்கே நிற்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வரும். அடுத்த நாள் நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் உள்ள சிடியாட்டாப்பு. விடியலில் காட்டோரச் சாலையில் மெல்ல நடந்தால் மரங்கொத்தியும் கரிச்சானும், பொழுது சாய்ந்த பின் அதே இடத்தில் ஆந்தைகளும். வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது, ஆனால் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு ஆந்தையை வரவழைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். தன் எல்லைக்குள் வேற்று ஆந்தை நுழைந்துவிட்டதாக எண்ணி அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலைக்கழியும். மூன்றாம் நாளுக்கு மவுண்ட் ஹேரியட், இப்போது மவுண்ட் மணிப்பூர். நகரின் சாத்தாம் படகுத்துறையிலிருந்து வண்டியையே படகில் ஏற்றி பாம்பூ ஃப்ளாட் இறங்கி மலைமேல் வரை போய்விடலாம். பழைய இருபது ரூபாய்த் தாளில் இருந்த கடல் காட்சி அங்கிருந்து தெரிவதுதான், ஒரு தாளை எடுத்துப் போனால் பையன் ஒப்பிட்டுப் பார்ப்பான்.

கடலுக்கு ஹேவ்லாக்கைவிட நீல் தீவைத்தான் சொல்வேன். இன்றைய அரசுப் பெயர்கள் ஸ்வராஜ் துவீப், ஷஹீத் துவீப், பயணச்சீட்டில் அவைதான் இருக்கும். நீல் சிறியது, சமதரை, இரண்டு மூன்று நாள் தங்கினால் அலைச்சல் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது கடல் உள்வாங்கிய பின் வெளிப்படும் பாறைத்தளம். ஆகவே முகவரின் அட்டவணையைப் பார்க்கும் முன் வீட்டுத் தினக்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி என்றைக்கு என்று பாருங்கள். அந்த நாட்களிலும் அவற்றை அடுத்த இரண்டொரு நாட்களிலும் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகுதியாதலால் கடல் வெகுதூரம் பின்வாங்கும். வற்றும் நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். பகல் வெளிச்சத்தில் வற்றுகிற நாட்களாகப் பார்த்து நீலில் தங்குமாறு பயணத்தை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளுங்கள். லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில், இயற்கைப் பாலம் என்னும் பாறை வளைவை ஒட்டிய குட்டைகளில் கணுக்கால் நீரில் நின்றாலே கடலட்டையும், இடுக்கிலிருந்து ஒரு கையை மட்டும் நீட்டியிருக்கும் நொறுங்கு நட்சத்திர மீனும் தெரியும். பாறையில் பதிந்த பெருமட்டி ஒன்றைக் கண்டால் மகனை மெல்லக் குனியச் சொல்லுங்கள். நீலமும் பச்சையுமாக மினுங்கும் தன் சதை உதட்டை விரித்து வைத்திருக்கும் மட்டி, அவன் நிழல் மேலே விழுந்ததும் அதை உள்ளிழுத்து ஓட்டைச் சுருக்கிக்கொள்ளும். ஓர் அடி விலகி நின்றால் சிறிது நேரத்தில் மறுபடி திறக்கும். ரப்பர் அடிச்செருப்பு வழுக்கும், பின்பட்டையுள்ள காலணி அணிந்து வெறும் பாறை மீதும் மணல் மீதும் மட்டும் கால் வைக்க வேண்டும், பவளத்தின் மீது வேண்டாம். இந்த நடை உங்கள் தாயாருக்கு ஆகாது. அவர் கரையில் இளநீருடன் அமரட்டும், பவளம் பார்ப்பதற்கு அவருக்குக் கண்ணாடி அடித்தளப் படகு இருக்கிறது.

பவளத்துக்கென்றே ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் வண்டூரிலிருந்து செல்லும் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா இருக்கிறது, 1983இல் அமைந்தது. ஜாலிபாய் தீவுக்கு வனத்துறை அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும், நெகிழிப் பொருள்களுக்கு அனுமதி இல்லை. 2010இல் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப் போயின என்பதால் விளம்பரப் படத்தின் வண்ணத்தை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம்.

ஆமை விஷயத்தில்தான் உங்களுக்கு ஏமாற்றம் தர வேண்டியிருக்கிறது. பங்குனி ஆமையும் பேராமையும் அழுங்காமையும் தோணி ஆமையும் கரையேறும் காலிப்பூர் கடற்கரை வடக்கே திக்லிப்பூரில் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய 300 கிலோமீட்டர், ஒரு பகல் முழுவதும் போய்விடும். இந்த முறை அதை விட்டுவிட்டு, பையன் வளர்ந்த பின் அவனுடன் தனியாகப் போங்கள்.

பாராடாங் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பார்க்கத் தக்கவைதான். ஆனால் அங்கே போகும் சாலை ஜாரவா என்னும் பழங்குடி மக்களின் காட்டுக்குள் ஓடுகிறது. வண்டிகள் காவலுடன் வரிசையாகச் செல்ல வேண்டும், நிறுத்தக் கூடாது, அவர்களைப் படம் எடுத்தால் 2012இல் திருத்தப்பட்ட சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை. சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் வண்டிக் கண்ணாடியில் முகம் பதித்து மனிதர்களைத் தேடுகிற பார்வையை நானே பார்த்திருக்கிறேன். வனவிலங்கு பார்க்கப் போகிற பயணத்தில் அந்தச் சாலையைச் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நிக்கோபாரின் பெரும்பகுதிக்கோ தனி அனுமதி இல்லாமல் சுற்றுலாப் பயணிகள் போக முடியாது. இராசேந்திர சோழன் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று பாடிய தீவுகளை நாம் மெய்க்கீர்த்தியிலேயே படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எச்சரிக்கை ஒன்றே ஒன்று, அதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அலையாத்திக் காடுகளின் ஓடைகளில் செம்மூக்கு முதலை உண்டு, அது கடலிலும் நீந்தும். 2010இல் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் நீரில் இருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், ஓடை கடலில் கலக்கும் இடத்திலும், பொழுது சாய்ந்த பின் எந்த இடத்திலும் நீரில் இறங்க வேண்டாம். கரையில் கிடக்கும் பவளத் துண்டைப் பையன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது, விமான நிலையச் சோதனையில் அதைச் சின்னப் பிள்ளை எடுத்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆக, முகவரின் தொகுப்பு உங்களுக்கு வேண்டாம். விமானத்தையும் தீவுக் கப்பலையும் மட்டும் முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். மூன்று நாள் போர்ட் பிளேர், மூன்று நாள் நீல், திரும்பி வந்து ஒரு நாள் வண்டூர், எட்டாம் நாள் விமானம். கடைசி நாளில் கப்பலும் விமானமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி மட்டும் வைக்காதீர்கள், காற்று எழுந்தால் கப்பலை ரத்து செய்துவிடுவார்கள். பைனாகுலர் 8×42 போதும், அதிக உருப்பெருக்கம் சிறுவன் கையில் நடுங்கும். இப்போதே வாங்கி, கிளம்பும் முன் நான்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஹெப்பாள் ஏரிக்கோ லால்பாக்குக்கோ அழைத்துப் போய் அவனைக் கறுப்பு உடல் செம்போத்தைத் தேடச் சொல்லுங்கள்.